ஆறு நாளில் மூன்று அடி: ரோவன் ஸ்ட்ரிங்கர் மரணமும் பெற்றோர், கோச் கவனிக்க வேண்டியவையும்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பிள்ளையை ஐஸ் ஹாக்கி, சாக்கர், கூடைப்பந்து என்று எதிலாவது சேர்த்தால், பதிவுப் படிவத்தோடு இன்னொரு தாளும் வரும். அதில் 'ரோவன் சட்டம்' என்று போட்டிருக்கும். தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று வயதுக்கு ஏற்றபடி எழுதிய சிறு கையேட்டைப் படித்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வருடா வருடம் அதில் டிக் அடிக்கின்றன. அந்த ரோவன் யார் என்று தெரிந்து அடிப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தெரிந்துகொண்டால் அந்தத் தாளை வேறு மாதிரி படிப்போம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன

ரோவன் ஸ்ட்ரிங்கருக்கு வயது 17. ஒட்டாவாவின் பாரஹேவன் பகுதியில் ஜான் மெக்ரே மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியின் பெண்கள் ரக்பி அணிக்குத் தலைவி.

2013 மே 3, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. திங்கட்கிழமை, மே 6, இன்னொரு ஆட்டத்தில் மறுபடியும் அடி. தலைவலி இருந்தது. புதன்கிழமை, மே 8, மூன்றாவது ஆட்டம். எதிரணிப் பெண் ஒருத்தி டாக்கிள் செய்ததில், அதாவது பிடித்து வீழ்த்தியதில், தலையும் கழுத்தும் தரையில் மோத விழுந்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியாமல் நினைவிழந்து சரிந்தாள். மருத்துவமனையில் நினைவு திரும்பவே இல்லை. மே 12, ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள். அன்று அங்கே அன்னையர் தினம்.

இதுவரை படித்தால் ஒரு விபத்து போலத்தான் தெரியும். விஷயம் அவளுடைய போனில் இருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு தனக்குக் கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, இருக்குமோ என்று ரோவனே சந்தேகப்பட்டிருக்கிறாள். கூகுளில் அதைப் பற்றித் தேடியிருக்கிறாள். தோழிகளோடு குறுஞ்செய்தியில் பேசியிருக்கிறாள். பேசிவிட்டு, புதன்கிழமை ஆடுவது என்று முடிவும் எடுத்திருக்கிறாள். அந்தச் சந்தேகம் அப்பா அம்மாவுக்கோ, ஆசிரியர்களுக்கோ, கோச்சுக்கோ வந்து சேரவில்லை. பெற்றோர் அறிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உள்ளே என்ன ஆகிறது

கன்கஷனில் மண்டையோடு உடைய வேண்டியதில்லை, ரத்தம் வர வேண்டியதில்லை, மயக்கம்கூடப் பெரும்பாலும் வராது. சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும். தலை சட்டென்று அசைந்து நிற்கும்போது மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. நரம்புச் செல்கள் வேலை செய்யும் முறை சில நாட்களுக்கு, சிலருக்குச் சில வாரங்களுக்கு, தடுமாறிப்போகிறது. நேராகத் தலையில்தான் அடி விழ வேண்டும் என்பதும் இல்லை. தோளிலோ முதுகிலோ விழுந்த பலத்த இடி தலையை உலுக்கினாலே போதும். ஹெல்மெட் மண்டையோட்டு முறிவைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

இந்தத் தடுமாற்றம் சரியாவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால்தான் ஆபத்து. மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு குலைந்து, சில நிமிடங்களிலேயே மூளை வீங்கிவிடலாம். மண்டைக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. இதை 'இரண்டாம் தாக்கப் பாதிப்பு' என்கிறார்கள். 1984-இலிருந்து மருத்துவ இதழ்களில் இந்தப் பெயர் புழங்குகிறது. மிக அரிதானது, ஆனால் பதிவானவற்றில் அதிகமும் வளரிளம் பருவத்தினர். ரோவன் இறந்ததும் இதனால்தான். கடைசி அடி அப்படியொன்றும் அசுரத்தனமானதாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் பயமான பகுதி.

ஒரு மகள் இறந்து ஐந்து வருடம்

2015-இல் ஒண்டாரியோவில் மரண விசாரணை நடந்தது. ஜூரிகள் 49 பரிந்துரைகள் கொடுத்தார்கள். பரிந்துரையைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவது எல்லா அரசுக்கும் கைவந்த கலை. அப்படி ஆகாமல் இருந்ததற்குக் காரணம் அப்பா கோர்டன் ஸ்ட்ரிங்கரும் அம்மா கேத்லீனும் விடாமல் நின்றது. சட்டமன்ற உறுப்பினர் லீசா மெக்லியோட் கொண்டுவந்த மசோதாவுக்கு மூன்று கட்சிகளும் சேர்ந்து ஆதரவு கொடுத்தன. 2016-இல் ஆலோசனைக் குழு அமைந்தது. கன்கஷன்களால் ஆட்ட வாழ்க்கையே சிதைந்த ஹாக்கி வீரர் எரிக் லிண்ட்ராஸ் அதில் ஓர் உறுப்பினர். 2018 மார்ச்சில் ரோவன் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

சட்டம் கேட்பது சிக்கலானது இல்லை. 26 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டக்காரர்கள், 18-க்குக் கீழ் உள்ளவர்களின் பெற்றோர், கோச்சுகள், நடுவர்கள் எல்லோரும் வருடம் ஒருமுறை கையேட்டைப் படிக்க வேண்டும், நடத்தை விதியை ஏற்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே ஆட்டத்தைவிட்டு வெளியே எடுக்க வேண்டும். மருத்துவரோ, நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படும் கூடுதல் தகுதி பெற்ற செவிலியரோ பார்த்துச் சரி என்று சொல்லாமல் முழு ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது. செப்டம்பர் மாதக் கடைசிப் புதன்கிழமை ரோவன் சட்ட நாள்.

அறிவுக் குறைவா?

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் 'விழிப்புணர்வு' என்ற சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. ரோவனுக்கு விழிப்புணர்வு இருந்தது. அறிகுறியைக் கவனித்தாள், சரியான பெயரை ஊகித்தாள், தேடியும் படித்தாள். கையேடு சொல்லும் பாதி வேலையை அவளே செய்துவிட்டாள். இல்லாமல் போனது வேறு: முடிவெடுக்கும் இடத்தில் வேறு யாரும் இல்லை. அடிபட்ட மூளையை வைத்துக்கொண்டு, ஆடாவிட்டால் அதிகம் இழக்கப்போகிற அதே ஆள், தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் பக்கம் நின்று கணக்குப் போட்டால் புரியும். ஒண்டாரியோவில் பள்ளி ரக்பி வசந்த காலத்தில் நடப்பது; சில வாரங்களில் முடிந்துவிடும். பள்ளியில் கடைசி வருடம். அணித் தலைவி வேறு. "தலை ஒரு மாதிரி இருக்கு" என்று வாயைத் திறந்தால் அந்தச் சீசனில் பாதி போய்விடும். மறுபக்கம் இருப்பது ஒரு தலைவலி. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கப் பதினேழு வயதே வேண்டாம், நாற்பது வயதுக்காரரும் அப்படித்தான் நினைப்பார்.

வேறு இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜாக்கரி லைஸ்டெட் என்ற 13 வயதுப் பையன், அமெரிக்கக் கால்பந்தில் டாக்கிள் செய்தபோது தலை தரையில் மோத விழுந்தான். சிறிது நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு திரும்ப இறங்கி ஆட்டம் முடியும்வரை ஆடினான். மைதானத்திலேயே சரிந்தான். சியாட்டிலுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய், வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் இரு பக்கத்தையும் திறந்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தான், ஒரு வார்த்தை பேச ஒன்பது மாதம் ஆனது. அவன் பெயரில் 2009-இல் அங்கே சட்டம் வந்தது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அதே மாதிரிச் சட்டங்கள். அடுத்தது, 2011 ஜனவரியில் வட அயர்லாந்தின் கேரிக்ஃபெர்கஸில் 14 வயது பென் ராபின்சன். பள்ளி ரக்பி ஆட்டம். ஒரே ஆட்டத்தில் பல முறை அடிபட்டது. கவனித்தார்கள், விசாரித்தார்கள், தொடர்ந்து ஆடவிட்டார்கள். அம்மா மைதானத்து ஓரத்திலேயே நின்றிருந்தார். ஆட்டத்தின் கடைசியில் விழுந்த பையன் எழவில்லை.

லைஸ்டெட் விஷயத்தில் பெரியவர்கள் அடியைப் பார்த்தார்கள். ஓய்வு கொடுத்தால் போதும் என்று எண்ணினார்கள். பென் விஷயத்தில் பார்த்தார்கள், கேட்டார்கள், அவன் சொன்ன பதிலை நம்பினார்கள். ரோவன் விஷயத்தில் பெரியவர்களுக்குத் தகவலே போகவில்லை. ஓட்டை மூன்று இடத்தில் இருக்கிறது. ஒரே ஒரு கையேட்டால் மூன்றையும் அடைக்க முடியாது.

கோச்சின் பக்கம்

கோச்சுக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம், கன்கஷனைக் கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை. அது மருத்துவர் வேலை. சந்தேகப்படுவதும் வெளியே எடுப்பதும் மட்டும்தான் அவர் வேலை. இந்தப் பிரிவு தெளிவாக இருந்தால் மைதானத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "இருக்கா இல்லையா" என்று அவர் யோசிக்க ஆரம்பித்த உடனே, ஸ்கோர் என்ன, பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்பதும் அந்த யோசனைக்குள் நுழைந்துவிடும். நல்ல கோச்சுக்கும் அப்படித்தான்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? அடிபட்டபின் எழுந்து நிற்கும்போது தள்ளாடுவது, முகம் வெறித்திருப்பது, கேட்ட கேள்விக்கு ஒரு கணம் தாமதித்துப் பதில் வருவது, தன் இடத்தை மறந்து தப்பான பக்கம் ஓடுவது, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் அல்லது அழுகை. "நல்லா இருக்கியா?" என்று கேட்பதில் பிரயோசனமே இல்லை. எந்தப் பிள்ளையும் "இருக்கேன் கோச்" என்றுதான் சொல்லும். இது எந்த மைதானம், இப்போது முதல் பாதியா இரண்டாவதா, கடைசியாக யார் கோல் போட்டது, போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேட்பது பயன்படும். ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், தலைவலி என்றோ வெளிச்சம் கூசுகிறது என்றோ சொன்னால் அப்போதும் முடிந்தது. அதே நாளில் திரும்ப இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பதில் சரியாக வந்ததும் நம்பிவிடக்கூடாது என்பதற்குக் கிரிக்கெட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஜோஃப்ரா ஆர்ச்சர் பந்து ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பட்டது. டெஸ்ட் அணியின் மருத்துவரே பரிசோதித்தார். ஸ்மித் அதில் தேறினார், திரும்ப வந்து 92 வரை ஆடினார். அறிகுறிகள் மறுநாள் காலையில்தான் வந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரராக. அவ்வளவு வசதி இருந்த இடத்திலேயே அப்படி என்றால், விசிலும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் வைத்திருக்கும் பள்ளிக்கூடக் கோச் எதை நம்பித் திரும்ப இறக்குவார்?

இரண்டாவது விஷயம் சீசன் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது. எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒன்று: தலை விஷயமாக உட்கார்ந்தவருக்கு, மருத்துவர் சரி என்று சொன்னபின், அணியில் இடம் அப்படியே இருக்கும். சொல்வதோடு நிற்காமல் அதன்படி நடக்கவும் வேண்டும். ஒருமுறை தவறினால் அந்த அணியில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு: தோழி தலைவலி என்று உன்னிடம் சொன்னால், நீ என்னிடம் வந்து சொல். அது கோள் சொல்வது ஆகாது. ரோவன் வழக்கில் உண்மையைக் கேட்ட ஒரே கூட்டம் தோழிகள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. யாரும் அவர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. என்னைக் கேட்டால், கையேட்டின் எல்லாப் பக்கங்களையும்விட இந்த ஒரு வாக்கியத்துக்கு உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

பெற்றோர் பக்கம்

நம் வீடுகளில் தலைவலிக்குத் தைலமும் மாத்திரையும்தான் முதல் பதில். ஆட்டம் முடிந்து வந்த பிள்ளை தலைவலி என்றால், மாத்திரையை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இன்றைக்கு எங்கேயாவது இடித்துக்கொண்டாயா, விழுந்தாயா? மாத்திரை வலியை மறைக்கும்; மறைந்த வலியோடு பிள்ளை மறுநாள் மைதானத்துக்குப் போகும்.

கேட்கும் விதமும் முக்கியம். "விளையாட்டே வேண்டாம்னு சொன்னேன்ல" என்று ஒரு தடவை கத்திவிட்டால், அடுத்த அடியைப் பற்றிக் கூகுளிடம்தான் சொல்லும். எதிர்ப்பக்க அப்பாக்களும் உண்டு. ஸ்காலர்ஷிப் கனவில், "இதெல்லாம் ஒரு அடியா, எழுந்து ஆடு" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துபவர்கள். இந்த இரண்டு வகையும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, பார்வை இரண்டாகத் தெரிவது, எழுப்பினால் எழாத உறக்கம், குழப்பம் அதிகமாவது. கழுத்து வலிக்கிறது என்றால் விழுந்த இடத்திலிருந்து அசைக்கவே கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். ஓடத் தேவையில்லை, அவ்வளவுதான். தூங்கவே விடக்கூடாது என்று தாத்தா காலத்துப் பேச்சு ஒன்று இருக்கிறது. ஆபத்து அறிகுறி இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னபின் தாராளமாகத் தூங்கவிடலாம், தூக்கம் நல்லது.

திரும்பி வருவது

முன்பெல்லாம் இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பார்கள். இப்போது அப்படிச் செய்வதில்லை. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் கருத்துப்படி, முதல் ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வு, திரையைக் குறைப்பது, வீட்டுக்குள் நடமாடுவது. பிறகு மெதுவான நடை, சைக்கிள். அடுத்து யாரும் மோத வாய்ப்பில்லாத தனிப் பயிற்சி, பின் அணியோடு மோதல் இல்லாத பயிற்சி. இந்த இடத்தில் மருத்துவரின் ஒப்புதல். அதற்குப் பிறகே முழுப் பயிற்சியும் ஆட்டமும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை ஆவது சகஜம். அதைத் தாண்டியும் போகலாம்.

இதில் பலரும் விட்டுவிடுவது பள்ளிக்கூடம். முழு நேர வகுப்பைத் தலைவலி இல்லாமல் தாங்காத மூளை, மைதானத்துக்குத் தயாராக இருக்காது. வகுப்பு முதலில், ஆட்டம் அப்புறம். கணக்குப் பாடத்தில் திடீரென்று சறுக்குவது, சத்தமான உணவறையில் உட்கார முடியாமல் வெளியே வருவது இதெல்லாம் கோச்சின் கண்ணில் படாது, வகுப்பு ஆசிரியர் கண்ணில் படும். அவரிடம் தகவல் சொல்லியிருந்தால்தான் அவருக்கும் அர்த்தம் புரியும்.

படிவத்தை மீறிய வழி

சட்டம் நல்லதுதான். ஆனால் டிக் அடிப்பவர் உண்மையில் படித்தாரா என்று பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து அடித்துவிடலாம். அதனால், அடியின் எண்ணிக்கையையே குறைக்கும் விதிகள்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். ரோவன் இறந்த அதே மே மாதத்தில் கனடாவின் ஹாக்கி அமைப்பு, 11, 12 வயதுப் பிரிவில் உடலால் மோதித் தடுப்பதை நாடு முழுவதும் நிறுத்த முடிவெடுத்தது. அந்த வயதில் மோதலை அனுமதிக்கும் ஆட்டங்களில் கன்கஷன் பல மடங்கு அதிகம் என்று முன்பே ஆய்வுகள் காட்டியிருந்தன. விதி மாறியபின் பாதிக்கும் மேல் குறைந்தது. அமெரிக்கச் சாக்கர் அமைப்பு 2015-இல் பத்து வயது வரை தலையால் பந்தை அடிப்பதையே தடை செய்தது. 'ஆட்டத்தின் வீரியமே போச்சு' என்று அப்போதும் புலம்பியவர்கள் இருந்தார்கள். ஆட்டம் எங்கேயும் போகவில்லை.

கபடி, கால்பந்து, வாலிபால் கற்றுத்தருகிற ஊர்ப்புறக் கோச்சுக்கும் இது பொருந்தும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாரத்தில் எத்தனை நாள் முழு மோதலோடு பயிற்சி, எத்தனை நாள் உத்தி மட்டும் என்று பிரிப்பது அவர் கையில்தான் இருக்கிறது. எப்படி விழுவது, டாக்கிளில் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒரே பிள்ளை பள்ளி அணியிலும் ஆடும், கிளப்பிலும் ஆடும், கோடை முகாமுக்கும் போகும். ஒரு இடத்தில் பட்ட அடி அடுத்த இடத்துக்குத் தெரியாது. இந்த மூன்றையும் இணைக்கக்கூடிய ஒரே ஆள் பெற்றோர். அடிபட்ட அன்றே மூன்று இடத்துக்கும் ஒரே செய்தியை வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம்: என்று, எப்படி அடிபட்டது, என்ன அறிகுறி, மருத்துவரை என்று பார்க்கிறோம், அவர் எழுதித் தரும்வரை எங்கேயும் ஆட மாட்டாள். கோச்சிடம் தானே போய்ச் சொல்லும் சங்கடமும் பிள்ளைக்கு இல்லாமல் போகும்.